எட்டாம் நம்பர் வீட்டுத் தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

எட்டாம் நம்பர் வீட்டு வாசலில் இருக்கும் பாட்டிலில் இன்றைக்கும் தண்ணீர் குறையவில்லை.

பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் அது. மேலே இருந்த பேப்பரை உரித்துவிட்டதால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். சாந்தாமணியக்கா காலையில் அதைக் கழுத்து வரை நிறைத்து, நிலைப்படிக்கு உள்பக்கம் வைப்பார். சாயங்காலம் ஏழு மணிக்கு எடுத்து வைக்கும்போதும் கழுத்து வரையே இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனியாக பாட்டில் உண்டு. இது அவருடையது.

எங்கள் காம்பவுண்டில் இந்தப் பக்கம் ஐந்து வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு. நடுவில் பன்னிரண்டு அடிச் சந்து. நாங்கள் மூன்றாம் நம்பர். எட்டு நேர் எதிரில். காலையில் எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனி வேன்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இங்கே மிஞ்சுவது நான், அக்கா, அக்கா பார்த்துக்கொள்ளும் மூன்று பிள்ளைகள், அவ்வளவுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டுவேன். ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்.

இன்று நாற்பது டஜன். எல்லாம் கறுப்பு. கண் எரிகிறது.

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் குறையவில்லை. வேண்டுமென்றே பார்த்தேன்.

மார்ச் 7, வியாழன்

விரதமாக இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் மத்தியானம் அக்கா தயிர்சோறு சாப்பிட்டார். சாப்பிட்டபின் பாட்டிலைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றினார். அந்த மூடித் தண்ணீரை வாயில் வைத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, விழுங்கினார். மருந்து குடிப்பதுபோல.

உப்புத் தண்ணீரோ? இல்லை. எல்லோரும் பிடிப்பது ஒரே குழாய். இன்று ஆற்றுத் தண்ணீர்தான் வந்தது. நானும் குடித்துப் பார்த்தேன்.

பல்வலியோ? முறுக்கைக் கடித்துச் சாப்பிடுகிறார்.

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது ஜெயவர்ஷன் வந்து என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்தாம் நம்பர் பிரேமாக்காவின் மகன். மூன்றரை வயது. வாய் ஓயாது.

"கத்தரி அக்கா, நீ ஏன் ஜெயில்ல இருக்க?"

நான் அடுத்த பனியனை எடுத்தேன்.

"பிஸ்கட் திருடினியா?"

"சாமீ, இங்க வா, அக்காவத் தொந்தரவு பண்ணாத" என்று சாந்தாமணியக்கா கூப்பிட்டார். அவர் இடுப்பில் செல்வராணியக்காவின் கைக்குழந்தை. ஒன்பது மாதம். அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் பொம்மி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஜெயவர்ஷனின் தங்கை கனிஷ்கா. இரண்டு வயது. அவள் என்னைப்போல. பேச மாட்டாள்.

மார்ச் 9, சனி

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஏழு மணிக்கு வேன் வந்தது. பிரேமாக்கா இரண்டு பேரையும் கூட்டிப் போனார். செல்வராணியக்கா வந்து பொம்மியை வாங்கியதும், சாந்தாமணியக்கா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். முட்டிவலிக்காரர். பகலெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். அப்படி ஒரு ஓட்டம்.

கக்கூஸ் காம்பவுண்டின் கடைசியில், ஓனர் வீட்டு மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியாட்கள் நுழையாமல் இருக்கப் பூட்டு. வீட்டுக்கு ஒரு சாவி, மரக்கட்டையில் கோத்தது.

திரும்பி வந்து, உள்ளே நின்றபடியே இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். மூச்சு விடாமல்.

எனக்கு அப்போதே புரிந்தது. காலையில் எட்டு மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் பத்தரைக்கு வரும். வெயில் காலத்தில் பதினொன்று. மூடி அளவு குடித்தால் சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம். நாக்கு ஒட்டிக்கொள்ளும், தலை கனக்கும், ஆனால் தாங்கலாம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இதில் எழுதப் போவதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எல்லோரும் தூங்கும் நேரத்தில் அளந்தேன். எட்டாம் நம்பர் வாசலிலிருந்து கக்கூஸ் கதவு வரை அறுபத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். மதில் திரும்பியதும் எட்டாம் நம்பர் தெரியாது. நின்று கேட்டுப் பார்த்தேன். குழாயில் சொட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து, போய்விட்டு வர எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். அக்காவின் முட்டிக்கு ஏழு, எட்டு ஆகும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாதா என்று யோசித்தேன். அங்கே பாசி. பக்கத்திலேயே மூடியில்லாத தொட்டி. பொம்மியை எங்கே வைப்பது? கனிஷ்கா யார் கையைப் பிடிப்பாள்? ஜெயவர்ஷனை நம்பலாமா? நம்ப முடியாது.

"எங்க போயிட்டு வர?" என்று அம்மா கேட்டாள். கக்கூசுக்கு என்றேன்.

"கையில சாவி இல்லாமயா?"

மார்ச் 11, திங்கள்

போன வருடம் நடந்ததையும் எழுத வேண்டும். அப்போது ஜெயவர்ஷனுக்கு இரண்டரை வயது. சாந்தாமணியக்கா ஒரு பகலில் சாவியை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவன் இல்லை. இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டான். ஒரு ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயங்காலம் பிரேமாக்கா இந்தச் சந்தில் நின்று போட்ட சத்தம் பத்து வீட்டுக்கும் கேட்டது.

"புள்ளையத் தெருவுல விட்டுட்டு அப்பிடி எங்கக்கா போயிருந்தீங்க? என்னதான் அவ்ளோ அவசரம்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "இனிமேப் போகமாட்டேன் கண்ணு" என்றார். அவர் அன்றைக்கு எங்கே போயிருந்தார் என்று சொல்லவேயில்லை. பக்கத்தில் இரண்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வார்?

அந்த வார்த்தையை அப்படியே காப்பாற்றுகிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

அன்றைக்குக் கேட் கிரீச்சிட்டது எனக்கும் கேட்டது. கொரியர் என்று நினைத்தேன். கதவைத் திறக்கவில்லை.

மார்ச் 13, புதன்

அக்கா இன்று அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பொம்மிக்குக் கஞ்சி ஊட்டும்போது இரண்டு தடவை நிறுத்தி, கண்ணை மூடி, உதட்டைக் கடித்தார். மத்தியானம் வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கனிஷ்கா போர்வைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு வேலை ஓடவில்லை. காலரையே வெட்டிவிட்டேன். ஒரு பீஸ் வீண்.

மார்ச் 15, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். சொன்னது இவ்வளவுதான்: "சாந்தாமணியக்கா தண்ணியே குடிக்கறதில்லம்மா."

அம்மா கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். குறை எதைக் கண்டாலும் உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவாள். நேராக எட்டாம் நம்பருக்குப் போனாள். "ஏனுங்க்கா, இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருப்பாங்களா? என்னங் கேடு உங்களுக்கு?" பிரேமாக்காவும் செல்வராணியக்காவும் வந்துவிட்டார்கள். மூன்று பேருமாக அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் யூரினில் கிருமி என்றாராம். இதற்கு முன்னாலும் வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நான்காவது தடவை என்று அக்கா சொன்னதும், பிரேமாக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டதாம். இப்படியே போனால் கிட்னியைத் தொடும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"ஏன் குடிக்கறதில்லைன்னு கேட்டீங்களாம்மா?"

"தாகம் எடுக்கறதில்லைங்கறாங்க. மறதியா இருக்கும், பாவம்."

காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு என்ன காரணம் என்று அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். மயக்கம் போட்டு விழுந்தேன் என்பது வரைக்கும் தெரியும்.

மார்ச் 17, ஞாயிறு

பிரேமாக்காவும் செல்வராணியக்காவும் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார்கள். இரண்டு லிட்டர். ஊதா நிறம், மேலே ஸ்ட்ரா. பக்கத்தில் கோடு போட்டு நேரம் எழுதியிருக்கிறது. எட்டு மணிக்கு இதுவரை, பத்து மணிக்கு இதுவரை, பன்னிரண்டு மணிக்கு இதுவரை.

"சாயங்காலம் வந்து பாப்பேன். கோடு கோடா இறங்கிருக்கணும்" என்றார் பிரேமாக்கா. குரல் அதட்டலாக இருந்தாலும், மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று படம் வரைந்து ஒட்டிக் கொடுத்ததும் அவர்தான். காலைக்குச் சேவல். மதியத்துக்குச் சோற்றுத்தட்டு. ராத்திரிக்கு நிலா.

செல்வராணியக்கா நான்கு இளநீர் வாங்கி வந்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "எதுக்குங் கண்ணு இவ்வளவு செலவு" என்றார். அவர் கண் ஆணியில் தொங்கும் சாவிமேல் போய்வந்தது. நான் ஒருத்திதான் பார்த்தேன்.

பிரேமாக்கா போகும்போது என்னைப் பார்த்து அம்மாவிடம், "ஒங்க ரேணு இருக்காளே, வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? நாள் பூராம் எதுத்தாப்புல உக்காந்திருக்கா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, தண்ணி குடிங்கன்னு?" என்றார்.

அம்மா சிரித்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

ஊதா பாட்டிலில் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது. பிரேமாக்கா இரண்டு நாளாகச் சந்தோஷமாக இருக்கிறார்.

அக்காவின் கறிவேப்பிலைச் செடி பெயின்ட் டப்பாவில் இருக்கிறது. போன மாதம் கருகிக் கிடந்தது. இப்போது கொழுந்து விட்டிருக்கிறது. டப்பாவின் ஓட்டை வழியாகத் தண்ணீர் சந்து வரை வழிகிறது.

பத்து மணிக்கு ஒரு தடவை. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. ஊதா பாட்டிலிலிருந்து ஊற்றுகிறார். ஜெயவர்ஷன் பார்த்துவிட்டு, "செடிக்கு யூரின்ல கிருமியா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தார். அப்புறம் என் ஜன்னலைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கத்தரியை எடுத்தேன்.

மார்ச் 21, வியாழன்

பதினொன்றரைக்கு அக்கா பொம்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடியில் துணி எடுக்க வந்தார். துணியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, சுவரில் முதுகை உரசிக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். விழவில்லை. குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

நான் எழுந்து கதவு வரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அதற்குள் அக்கா தானாகவே எழுந்துவிட்டார்.

சாயங்காலம் ஜெயவர்ஷன் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். செல்வராணியக்கா கத்தவில்லை. அழுதார். "உங்களக் குறை சொல்லலக்கா. எம்புள்ள ஒங்க கையில இருந்து கீழ விழுந்தா, ஒங்களாலயும் தாங்க முடியாது, என்னாலயும் முடியாது. மாசக் கடைசியில இளையான்குடிக்கு அனுப்பிடுறேன். எங்க நாத்தனா பாத்துக்கிருவா. மாசத்துக்கு ஒருக்கப் போய்ப் பாத்துக்கிறேன்."

பொம்மி இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. வேனிலிருந்து இறங்கி வந்ததும் முதலில் அதைத்தான் கேட்கும்.

"அக்காவால முடியலேன்னா நானும் வேலைய விட வேண்டியதுதான்" என்றார் பிரேமாக்கா. யாரையும் பார்க்காமல் சொன்னார்.

சாந்தாமணியக்கா பொம்மியின் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே எடுத்து மறுபடியும் மடித்தார்.

மார்ச் 22, வெள்ளி

கதவைத் திறந்து வெளியே போனேன். நான்கு அடி நடந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். கொடியில் எங்கள் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எங்கள் துணி அங்கே எதுவும் இல்லை.

மார்ச் 23, சனி

ஒன்பதாம் வகுப்பு. கணக்கு பீரியட். கக்கூஸ் சாவி ஆபீஸ் ரூமில் இருக்கும். அதைக் கேட்க வேண்டுமென்றால் ஹெட்மாஸ்டர் மேஜையைத் தாண்டிப் போக வேண்டும். கடைசி பெஞ்ச். அன்றைக்கு

(இதற்கு மேல் மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன்.)

யாராவது ஒருத்தர் என்னோடு எழுந்து வந்திருந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இதை மட்டும் அடிக்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

எட்டரைக்கு வேன் போனது. பிசிறு வெட்ட உட்கார்ந்தேன். கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தேன். பத்து ஐம்பதுக்குக் கதவைத் திறந்தேன்.

"ஐ! கத்தரி அக்கா ஜெயில்ல இருந்து வந்துருச்சு!" என்று ஜெயவர்ஷன் குதித்தான்.

சாந்தாமணியக்கா நிலைப்படியில் உட்கார்ந்து பொம்மிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். "என்ன சாமி, அம்மாவுக்குப் போன் பண்ணோணுமா?"

நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"போயிட்டு வாங்க்கா. நான் இருக்கறேன்."

"எங்க கண்ணு?"

"அங்கதான்."

அவர் சீப்பைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே."

"வரும்க்கா. குடிக்காததனால வரல." சாவிக்கட்டையை அவர் பக்கத்தில் வைத்தேன். "செடிக்கு ஊத்தறீங்கல்ல. பாத்தேன். நானும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பைப்படியில பாட்டிலக் கவுத்து விட்டுருவேன். பாட்டில் காலியா இருந்தா அம்மா திட்டாது."

"எத்தன நாளு?"

"ஒன்றரை வருசம்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு நாளு வகுப்புல மயங்கி விழுந்தேன். அங்கயே, எல்லார் முன்னாலயும்…"

அக்கா மீதியைக் கேட்கவில்லை. பொம்மியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டது.

"உன்றகிட்டக் கேக்கலாம்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன் சாமி" என்றார் அக்கா. "அஞ்சு நிமிசம் வந்து நில்லு கண்ணுன்னு. நீ கதவச் சாத்திக்கிறயா, புள்ளைக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மதில் திரும்பினார்.

அவர் தலை மறைந்த உடனே பொம்மி அழ ஆரம்பித்தது. கனிஷ்கா என் பாவாடையைப் பிடிக்கலாமா என்று யோசித்துவிட்டு, பிடித்தாள். ஜெயவர்ஷன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கேட்டைப் பார்த்தான். ஓடினான்.

"நில்லுடா!"

நின்றுவிட்டான். ஓனர் வீட்டு மாடியில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அவன் திரும்பி, "சும்மா பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து என் காலடியில் உட்கார்ந்தான். "நீ பேசுவியா?" என்று கேட்டான். பேசுவேன் என்றேன். "அப்ப பிஸ்கட்ட நீ திருடலயா?" திருடவில்லை என்றேன்.

சத்தம் கேட்டு அக்கா பாதியில் ஓடி வந்துவிடுவாரோ என்று மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஒன்பது நிமிடம் கழித்து, மெதுவாக, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். சாவியை ஆணியில் மாட்டினார். மூன்று பிள்ளைகளையும் கண்ணால் எண்ணினார். அப்புறம் என்னையும்.

பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். செடிப்பக்கம் போகாமல், அங்கேயே நின்று, அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. டம்ளரைத் திருப்பி நீட்டினார். மறுபடியும் ஊற்றினேன்.

"மூணு மணிக்கு இதெல்லாம் வருமேடி" என்றார்.

சாயங்காலம் அம்மா வந்ததும் நானே சொன்னேன். அக்காவைப் பற்றி முழுதாகவும், என்னைப் பற்றிப் பாதியும். அம்மா கையில் இருந்த டிபன் பாக்சைக் கீழே வைக்காமலே நின்று கேட்டாள். பிறகு ஐந்தாம் நம்பருக்குப் போனாள், அங்கிருந்து பிரேமாக்காவையும் கூட்டிக்கொண்டு செல்வராணியக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. பொம்மியின் துணிப்பை இன்னும் எட்டாம் நம்பர் வாசலில்தான் இருக்கிறது. மாதம் முடிய ஆறு நாள் இருக்கிறது.

பிரேமாக்கா மட்டும் திரும்பிப் போகும்போது சாந்தாமணியக்காவின் வாசலில் நின்றார். "அன்னைக்கு எங்க போனீங்கன்னு கேட்டேனே" என்றார். பிறகு ஊதா பாட்டிலை எடுத்து, குழாயடியில் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 26, செவ்வாய்

பதினொரு மணிக்குப் போனேன். மூன்று மணிக்கும் போனேன். நடுவில் கதவைச் சாத்தவில்லை.